பித்தநாளம் பிறவியிலேயே மாறியிருந்தது என்ற பதில் போதுமா?

கேள்வி:

என் தாயாருக்கு 54 வயது. தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். பித்தப்பைக் கற்களுக்காக வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் இரவிலிருந்து வயிறு உப்பிசமும் வலது தோள்பட்டை வரை வலியும் தொடங்கின. போன் செய்தபோது, கேஸ் வலிதான், தானாகச் சரியாகும் என்றார்கள். கண் லேசாக மஞ்சளித்திருப்பதைப் பார்த்த உறவினர் ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்ததும் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கியிருப்பதாகச் சொல்லி, ட்யூப் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றினார்கள். பிறகு இ.ஆர்.சி.பி. (வாய்வழி எண்டோஸ்கோப்பி மூலம் பித்தநாளத்துக்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறை) செய்து, கசியும் இடத்தைப் படத்தில் பார்த்து, ஸ்டென்ட் என்ற சிறு குழாயை நாளத்தில் வைத்தார்கள். பத்து நாளில் கசிவு நின்றது, ட்யூபையும் எடுத்துவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்து இப்போது ஐந்து வாரம் ஆகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டக்ட் ஆஃப் லுஷ்கா' கசிவு என்று எழுதியிருக்கிறது. முதலில் அறுவை செய்த இடத்தில் கேட்டால், "உங்கள் அம்மாவுக்குப் பித்தநாள அமைப்பே பிறவியில் வேறு மாதிரி, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். இது உண்மையா, சாக்கா? அம்மா இனி நலமாக இருப்பாரா? திருவொற்றியூரில் கைக்குழந்தையோடு இருக்கும் என் தங்கைக்கும் பித்தப்பையில் கல் இருக்கிறது. இரண்டு முறை கடும் வலி வந்துவிட்டது. அம்மாவின் நிலையைப் பார்த்தபின் ஆபரேஷனே வேண்டாம் என்று வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இதே அமைப்பு இருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருப்பது கற்பனைப் பெயர் அன்று. லுஷ்கா நாளம் உண்மையில் உண்டு. மிகக் கவனமாக அறுவை செய்யும் கைகளிலும் அது கசியக்கூடும். ஆகவே கசிவு ஏற்பட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த அறுவை மருத்துவரைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால், "நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது அறுவை அரங்கில் நடந்தவற்றைப் பற்றியதல்ல. இரண்டாம் நாள் இரவுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் நீங்கள் செய்த தொலைபேசி அழைப்பைப் பற்றியது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலின் வலப் பகுதியிலிருந்து ஒரு நாளமும் இடப் பகுதியிலிருந்து ஒரு நாளமும் வந்து கல்லீரலின் வாயிலில் ஒன்றாகச் சேர்ந்து கீழிறங்குகின்றன; வழியில் பித்தப்பையின் சிறு நாளம் பக்கவாட்டில் வந்து இணைய, அதற்குக் கீழே பொதுப் பித்தநாளம் என்ற பெயருடன் கணையத்தின் ஊடாகச் சென்று முன்சிறுகுடலில் திறக்கிறது. பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் படம் இதுதான். கல்லீரலுக்குள்ளும் வெளியிலும் உள்ள கிளைகள் எல்லாம் அந்தப் படத்தில் உள்ளபடியே அமைந்திருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேரிடம்தான். மீதியுள்ளவர்களிடம் ஏதேனும் ஒரு கிளை முன்னதாகவோ பின்னதாகவோ, வலப்பக்கம் சேர வேண்டியது இடப்பக்கத்திலோ சேர்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். எனவே "அமைப்பு வேறு மாதிரி" என்பது உங்கள் தாயாருக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. பித்தப்பை அறுவை செய்யும் எவரும் ஒவ்வொரு நோயாளியிடமும் எதிர்பார்த்தே தொடங்க வேண்டிய ஒன்று.

லுஷ்கா நாளம் இந்த மாறுபாடுகளில் சிறியது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹூபர்ட் ஃபான் லுஷ்கா 1863 இல் இதை விவரித்தார். பித்தப்பை கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் படுகையில், மேற்பரப்புக்கு மிக அருகில், ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் ஓடும் இந்த நாளம் பெரும்பாலும் பித்தப்பைக்குள் திறப்பதில்லை. கல்லீரலின் சிறு பகுதியிலிருந்து பித்தநீரை ஏந்திக்கொண்டு வலது நாளத்தில் போய்ச் சேர்கிறது. பித்தப்பையைப் படுகையிலிருந்து உரித்தெடுக்கும்போது கருவி சற்றே கல்லீரல் பக்கமாக ஆழ்ந்தால் இது அறுபடும். பலமுறை வீங்கி ஆறிய பித்தப்பையில் அந்த உரிக்கும் தளமே தெளிவாகத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இந்த நாளம் தென்படாது, பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் பெரும்பாலும் தென்படாது. அறுவை அரங்கிலும் அது உடனே கசிந்து காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றுக்குள் வாயு நிரப்பப்பட்டிருக்கும் அழுத்தத்தில் சிறு நாளங்கள் அமுங்கிக் கிடக்கும். மின்சாரத்தால் சுட்டு அடைபட்ட வாய், பொருக்கு உதிரும்போது இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்துகொள்வதும் உண்டு. பித்தப்பை அறுவைக்குப் பின் ஏற்படும் கசிவுகளில், கிளிப் போட்ட பித்தப்பை நாளத்தின் முனையிலிருந்து கசிவது முதலிடம் என்றால், இது இரண்டாமிடம்.

ஸ்டென்ட் வைத்ததும் கசிவு நின்றதற்குக் காரணம் எளிது. பொதுப் பித்தநாளம் குடலில் திறக்கும் வாயை ஒரு தசைவளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த இறுக்கத்தால் நாளத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், பித்தநீர் குடலுக்குப் போவதைவிட அறுபட்ட சிறு வாய் வழியாக வெளியேறுவதே சுலபமாகிவிடுகிறது. ஸ்டென்ட் அந்த வளையத்தைத் திறந்து வைக்கிறது. பித்தநீர் குடலுக்குள் வழிந்துவிட, கசிந்த சிறு வாய் வறண்டு தானே மூடிக்கொள்கிறது. கசிந்த நாளத்தை யாரும் தேடிப்போய்த் தைக்கவில்லை. தைக்க வேண்டிய தேவையும் இல்லை.

உங்கள் தாயாரின் கசிவு இ.ஆர்.சி.பி. படத்திலேயே தெரிந்ததும், ஸ்டென்டுக்குப் பின் பத்து நாளில் நின்றதும் எனக்கு ஆறுதல் தரும் இரண்டு செய்திகள். பிரதான நாளம் அறுபட்டவர்களின் கதை இப்படிப் போகாது. இருந்தாலும், இ.ஆர்.சி.பி. செய்த மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: வலது கல்லீரலின் பின்பகுதிக் கிளை படத்தில் முழுமையாக நிரம்பித் தெரிந்ததா? இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு.

கல்லீரலின் வலப்பகுதிக்கு முன்கிளை, பின்கிளை என்று இரண்டு நாளங்கள் உள்ளன. அவை உள்ளேயே சேர்ந்து ஒரே வலது நாளமாக வெளிவருவது வழக்கம். சிலரிடம் பின்கிளை தனியாகவே கீழிறங்கி, பித்தப்பையின் கழுத்தருகே வந்து, பொதுநாளத்திலோ, அரிதாகப் பித்தப்பை நாளத்திலேயோ சேர்கிறது. அறுவை மருத்துவர் கிளிப் போடும் முக்கோணப் பகுதிக்குள்ளேயே அது வந்துவிடுவதால், மெல்லிய ஒரு குழாய் பித்தப்பையை நோக்கிப் போவது போலத் தோன்றும். அதையே பித்தப்பை நாளம் என்று எண்ணி வெட்டிவிடவும், கூடுதலாக இருக்கும் ஏதோ ஒரு திசு என்று அறுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. வெட்டி, இருபுறமும் கிளிப் போட்டுவிட்டால் கல்லீரலின் அந்தப் பகுதி வடிகால் இன்றி அடைபட்டு, சிலருக்குச் சத்தமின்றிச் சுருங்கிப்போகும். சிலருக்குச் சீழ் பிடித்து, குளிர்காய்ச்சலாகத் திரும்பத் திரும்ப வரும். கிளிப் இல்லாமல் வெட்டுப்பட்டால் பித்தநீர் வயிற்றுக்குள் கொட்டும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது: வெட்டுப்பட்ட கிளைக்கும் பிரதான நாளத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால், கீழிருந்து மருந்தைச் செலுத்தி எடுக்கும் இ.ஆர்.சி.பி. படத்தில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். கசிவு எங்கே என்று யாருக்கும் புரியாது, ட்யூபில் மட்டும் பித்தநீர் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். படத்தில் இருப்பவற்றைப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இருக்க வேண்டிய ஒரு கிளை இல்லாமல் போயிருப்பதைக் கவனிப்பது அனுபவத்தால் வருவது. உங்கள் தாயாரின் விவரங்கள் இதனோடு பொருந்தவில்லை என்றாலும், கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு மாறுபாடு பித்தப்பை நாளத்தின் நீளத்திலும் சேரும் இடத்திலும் உள்ளது. சிலரிடம் அது உடனே பொதுநாளத்தில் சேராமல், பேசின் பிரிட்ஜ் அருகே தண்டவாளங்கள் வெகுதூரம் ஒட்டியே ஓடிப் பிறகு இணைவது போல, பொதுநாளத்தோடு ஒரே உறைக்குள் இணையாக இறங்கி, கணையத்தின் அருகில் போய்ச் சேரும். அந்தச் சேருமிடத்தைக் கண்டே தீருவேன் என்று தோண்டிக்கொண்டு போகும் மருத்துவர் பொதுநாளத்தின் சுவரைக் காயப்படுத்திவிடுவார். பித்தப்பை நாளத்தில் சிறிது நீளத்தை விட்டுவிட்டு மேலேயே கிளிப் போடுவதால் நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை. மாறாக, அந்த நாளம் மிகக் குட்டையாக இருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் பித்தப்பையை மேலே இழுத்துப் பிடித்தால் பொதுநாளமே கூடாரம் போல் எழும்பி வந்து கிளிப்புக்கு இடம் கொடுத்துவிடும். இரத்தக்குழாய்களிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. வலது கல்லீரல் தமனி பித்தப்பையின் அருகே புழுவைப் போல் வளைந்து கிடப்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்க்லி மாய்னிஹன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் எச்சரித்துவிட்டார்.

இவ்வளவையும் சொன்னபிறகு, மருத்துவர்கள் பொதுவெளியில் குறைவாகவே பேசும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரதான பித்தநாளம் முழுமையாக வெட்டுப்பட்டுவிடும் கடும் விபத்துகளில் பெரும்பாலானவை, அமைப்பு மாறியிருந்தவர்களுக்கு நேர்பவை அல்ல. பாடப்புத்தகப்படி சரியாக அமைந்த நாளங்களைத் தவறாக அடையாளம் கண்டதால் நேர்பவை. அமெரிக்க அறுவை மருத்துவர் லாரன்ஸ் வே தலைமையில் 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் 97 சதவீதத்துக்கு அடிப்படைக் காரணம் கண்ணின் மயக்கமே என்று கண்டது; கைத்திறன் குறைவு காரணமாக இருந்தவை மிகச் சிலவே. பித்தப்பையைத் தவறான திசையில் இழுக்கும்போது பித்தப்பை நாளமும் பொதுநாளமும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. பொதுநாளத்தையே பித்தப்பை நாளம் என்று நம்பிக் கிளிப் போட்டு வெட்டிவிட்டு மேலே உரித்துக்கொண்டு போகும் மருத்துவர், சற்று நேரத்தில் இன்னொரு குழாயைச் சந்திக்கிறார். அது உண்மையில் கல்லீரலிலிருந்து இறங்கும் பிரதான நாளத்தின் மேற்பாதி. ஆனால் மனம் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால், "இவருக்குக் கூடுதலாக ஒரு நாளம் இருக்கிறது, அமைப்பு வேறு மாதிரி" என்று தோன்றுகிறது, அதையும் வெட்டிவிடுகிறார். அறுவைக் குறிப்பில் 'கூடுதல் நாளம் காணப்பட்டது' என்ற வரியைப் பார்த்தால் அனுபவமுள்ளவர்கள் துணுக்குறுவது இதனால்தான். உங்கள் தாயாருக்கு நேர்ந்தது இது அன்று. ஆனால் "அமைப்பு வேறு" என்ற விளக்கத்தை எல்லா இடத்திலும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த மயக்கத்துக்கு மருந்தாக ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1995 இல் முன்வைத்த விதி இன்று உலகமெங்கும் கற்பிக்கப்படுகிறது. எதையும் வெட்டுவதற்கு முன், பித்தப்பைக் கழுத்தருகே உள்ள முக்கோணத்தில் கொழுப்பையும் நாரையும் முழுவதும் அகற்ற வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். அதன்பின் பித்தப்பைக்குள் போவன இரண்டே இரண்டு, ஒன்று நாளம், மற்றொன்று தமனி, என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தக் காட்சி கிடைக்காதவரை கிளிப் போடுவதில்லை. இதன் சிறப்பு, அமைப்பு எப்படி மாறியிருந்தாலும் விதி மாறுவதில்லை என்பதுதான். எந்த நாளம் எங்கே சேர்கிறது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் இருந்தால் அறுவையின் நடுவிலேயே நாளத்துக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம். அர்ஜென்டினாவின் பாப்லோ மிரிசி 1930களிலேயே தொடங்கி வைத்த முறை அது. அண்மைக்காலமாகப் பச்சைச் சாயம் ஒன்றை ஊசி மூலம் ஏற்றி, சிறப்பு கேமராவில் நாளங்கள் ஒளிர்வதைப் பார்க்கும் வசதியும் பல மருத்துவமனைகளில் வந்திருக்கிறது.

எதைச் செய்தும் தெளிவு கிடைக்கவில்லை என்றால், நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். கழுத்துப் பகுதியைத் தொடாமல் பித்தப்பையின் பெரும்பகுதியை மட்டும் அகற்றிக் கற்களை எடுத்துவிட்டு வரலாம். வயிற்றைத் திறந்து செய்யலாம். அனுபவமுள்ள இன்னொருவரை அரங்குக்கு அழைக்கலாம். வயிற்றைத் திறந்துவிட்டால் 'ஆபரேஷன் ஃபெயிலாகிவிட்டது' என்று நம் குடும்பங்கள் நினைப்பதும், அந்தப் பேச்சுக்கு அஞ்சி மருத்துவர் தயங்குவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை. சிறு துளைகளோடு முடிக்க முடியாமல் திறந்து செய்துவிட்டு வந்து நிற்கும் மருத்துவர், பல நேரங்களில் உங்கள் வீட்டாரின் பித்தநாளத்தைக் காப்பாற்றிவிட்டு வந்து நிற்கிறார்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் வலது தோளில் வலிப்பது வழக்கம்; வயிற்றில் நிரப்பிய கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிறது. ஆனால் அது முதல் நாள் கூடுதலாகவும், இரண்டாம் நாள் குறைவாகவும், மூன்றாம் நாள் பெரும்பாலும் இல்லாமலும் போகும். பித்தப்பை எடுத்த நோயாளி ஒவ்வொரு நாளும் நேற்றைவிடத் தேறிவர வேண்டும். முதல் நாள் நன்றாக நடந்து இட்லி சாப்பிட்டவர் இரண்டாம் நாள் இரவில் வயிறு உப்பிப் படுத்துவிட்டார் என்றால், அது கேஸ் வலி என்று தொலைபேசியில் முடிவு செய்யக் கூடியதன்று. நேரில் வரவழைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் செய்திருக்க வேண்டும். பித்தநீர் வயிற்றுக்குள் தேங்கும்போது தொடக்கத்தில் காய்ச்சலும் இருக்காது, வயிறு கல் போல் இறுகவும் செய்யாது. மந்தமான வலி, உப்பிசம், பசியின்மை, ஓங்கரிப்பு, இவ்வளவுதான். இந்த மந்தத்தன்மையே மருத்துவரையும் ஏமாற்றுகிறது. பித்தநாளக் காயங்களில் பெரும்பாலானவை அறுவை மேசையில் கண்டுபிடிக்கப்படுவதில்லை என்பதால், அறுவைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் வரும் ஒவ்வொரு புகாரையும் கசிவு இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை கசிவாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து. நாளத்தின் அமைப்புக்கு அந்த மருத்துவமனை பொறுப்பாகாது. இந்தத் தாமதத்துக்கு அது பொறுப்பாகும்.

கீழாநெல்லி கொடுத்த உறவினரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மஞ்சள் காமாலை என்றதும் அதைத் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் அறுவைக்குப் பின் கண் மஞ்சளித்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: நாளம் அடைபட்டிருக்கிறது, அல்லது கொட்டிய பித்தநீர் வயிற்றுச்சவ்வின் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. இரண்டுக்கும் குடிக்கும் மருந்து எதுவும் உதவாது. அந்த நேரத்தில் இழக்கும் ஒவ்வொரு நாளும் தேங்கிய பித்தநீரில் கிருமி சேரும் நாளாகிவிடும்.

தாயாரின் எதிர்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் செய்தி நல்லதே. அவருக்கு வைத்திருப்பது பிளாஸ்டிக் ஸ்டென்டாகவே இருக்கும். அதைப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துவிடுவார்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். தேதி வாங்கவில்லை என்றால் இந்த வாரமே போய் வாங்குங்கள். உடல் நன்றாகிவிட்டது என்று பலர் ஸ்டென்டை மறந்தேவிடுகிறார்கள்; மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அது அடைபட்டு, நாளத்தில் கிருமித்தொற்றும் காமாலையும் வரும். எடுத்தபின் மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்து, அதில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (பித்தநாளம் அடைபட்டால் கூடும் நொதி) அளவு ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். இடையில் எப்போதாவது குளிர்காய்ச்சல், கண் மஞ்சள், கோமூத்திர நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், விடாத அரிப்பு வந்தால் உடனே காட்டுங்கள். நாளம் சுருங்குவதன் அறிகுறிகள் அவை. லுஷ்கா கசிவில் அப்படி நேர்வது அரிது. உணவில் நிரந்தரக் கட்டுப்பாடு ஏதும் தேவையில்லை. எண்ணெயில் பொரித்தவற்றைச் சில வாரம் குறைத்துக்கொள்ளட்டும். மீன் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

பிரதான நாளமே வெட்டுப்பட்டிருந்தால் பாதை வேறு. அத்தகைய நோயாளிக்குச் சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு இணைக்கும் பெரிய அறுவை தேவைப்படும். அதை முதலில் காயம் நேர்ந்த இடத்திலேயே அவசரமாகச் செய்ய முயல்வதைவிட, ட்யூப் போட்டுப் பித்தநீரை வெளியேற்றி, தொற்றைக் கட்டுப்படுத்தி, இத்தகைய அறுவைகளையே தொழிலாகக் கொண்ட துறைக்கு அனுப்பிவைப்பதுதான் நோயாளிக்கு நல்லது. வடசென்னை மக்களுக்கு அந்த வகையில் ஒரு வசதி இருக்கிறது: ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை, குடல், கல்லீரல் அறுவைக்கெனத் தனித்துறை பல காலமாக இயங்கிவருகிறது. இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் தேவைப்படலாம் என்று குறிப்பிடுகிறேன்.

புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் அது தொனிக்கிறது. முதலில் முழு மருத்துவப் பதிவுகளையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். 2002 ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு வேண்டும், அறுவையின் வீடியோ பதிவு இருந்தால் அதுவும் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. கசிவு ஏற்பட்டது என்பதை மட்டும் வைத்துச் சட்டம் அலட்சியம் என்று முடிவு செய்யாது. நீங்கள் அழைத்த நேரம், சொன்ன அறிகுறிகள், கிடைத்த பதில் ஆகியவையே அங்கு எடைபோடப்படும். தொலைபேசி அழைப்பின் பதிவு உங்கள் கைப்பேசியில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். பதிவுகளோடு அந்த மருத்துவரை ஒருமுறை நேரில் சந்தித்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள் என்பதே என் யோசனை. பல குடும்பங்களுக்கு வேண்டியிருப்பது பணம் அன்று, நடந்ததை ஒருவர் மறைக்காமல் சொல்வது.

உங்கள் தங்கைக்கு வருகிறேன். பித்தப்பையில் கல் உண்டாகும் தன்மை குடும்பத்தில் வரும். கர்ப்பகாலமும் அதைக் கூட்டும். ஆனால் நாளங்களின் அமைப்பு மாறுபாடு தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்குவதாகக் கொள்ள ஆதாரம் இல்லை. தாயாருக்கு லுஷ்கா நாளம் கசிந்ததால் தங்கைக்கும் கசியும் என்று அஞ்ச வேண்டாம். அவருக்கும் ஏதேனும் ஒரு மாறுபாடு இருக்கக்கூடும். அது எனக்கும் உங்களுக்கும் உள்ள அதே வாய்ப்புதான். லேப்ராஸ்கோப்பி முறையில் பிரதான நாளத்தில் காயம் ஏற்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. மறுபக்கத்தில், இரண்டு முறை வலி வந்த பித்தப்பை அமைதியாக இருந்துவிடுவது அரிது. அடுத்த முறை கல் நழுவிப் பொதுநாளத்தை அடைத்தால் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம்; கணைய அழற்சி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. வலியே இல்லாமல் தற்செயலாக ஸ்கேனில் தென்பட்ட கல்லாக இருந்தால், அப்படியே விட்டுவிடலாம் என்று நானே சொல்லியிருப்பேன்.

வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்கென்று நம்மிடையே சொல்லப்படுவது. பித்தப்பைக் கல் வேறு இடத்தில், வேறு பொருளால் உண்டாவது. குடிப்பதால் கேடில்லை, பயனும் இல்லை. கல்லைக் கரைப்பதாகச் சொல்லும் மாத்திரையும் சிறிய கொலஸ்டிரால் கற்களை மட்டுமே, அதுவும் மாதக்கணக்கில் உண்டால்தான் கரைக்கும். நிறுத்தியபின் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கல் திரும்பிவிடுகிறது. நம் தென்னகத்தில் பித்தநீரின் நிறமியால் உண்டாகும் நிறமிக் கற்கள் அதிகம். அவற்றை அது தொடவே தொடாது.

தள்ளிப்போடுவதில் இன்னொரு இழப்பும் உண்டு. ஒவ்வொரு முறை பித்தப்பை வீங்கி ஆறும்போதும், நான் மேலே சொன்ன அந்த முக்கோணம் தழும்பாகி இறுகுகிறது. நாளங்கள் பிறவியில் சரியாக இருந்தாலும் அந்தத் தழும்புக்குள் எது எதுவென்று தெரியாது. பிறவி மாறுபாட்டைவிட இதுவே அதிகமான காயங்களுக்குக் காரணமாகிறது. வலி இல்லாத இடைவெளியில், அழற்சி இல்லாத பித்தப்பையை எடுப்பதே மிகப் பாதுகாப்பானது. குழந்தைக்குப் பால் கொடுப்பது அறுவைக்குத் தடை இல்லை; மயக்கம் தெளிந்து தாய் விழிப்பாக இருந்தால் பால் கொடுக்கலாம்.

அறுவைக்கு முன் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அதில் அளவுகள் கூடியிருந்தாலோ, ஸ்கேனில் பொதுநாளம் விரிந்து தெரிந்தாலோ, முன்பு எப்போதாவது காமாலை வந்திருந்தாலோ, எம்.ஆர்.சி.பி. எடுத்துவிட்டே அறுவைக்குப் போக வேண்டும். நாளத்தில் கல் இருக்கிறதா என்பதோடு, பெரிய கிளைகளின் அமைப்பும் அதில் தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லை என்றால் எல்லோருக்கும் எம்.ஆர்.சி.பி. தேவையில்லை. ஆனால் உங்கள் தங்கையின் பயம் அந்தப் படத்தால் தீருமென்றால், செலவைத் தாங்க முடிந்தால், எடுத்துக்கொள்ளட்டும், நான் மறுக்கமாட்டேன். லுஷ்கா நாளத்தை அது பெரும்பாலும் காட்டாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

அறுவை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கிளிப் போடும் முன் அந்த இரண்டு அமைப்புகளையும் தெளிவாகக் காட்டும் நிலையைப் படம் எடுத்துப் பதிவில் வைப்பீர்களா என்றும், தெளிவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு, "எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை" என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். "திறந்து செய்வேன், அல்லது பாதியோடு நிறுத்துவேன்" என்று சொல்பவரிடம் நம்பிப் படுக்கலாம். வீட்டுக்குப் போனபின் வயிறு உப்பினாலோ வலி கூடினாலோ எந்த எண்ணுக்கு அழைப்பது, இரவில் யார் எடுப்பார், நேரில் வரச் சொல்லிப் பார்ப்பார்களா என்பதையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு, சம்மரியின் கீழேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.